இரண்டு டிராக், ஒரு நாள், பத்துப் பாட்டு

1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. லண்டன் அபே ரோடு இ.எம்.ஐ. ஸ்டுடியோவின் இரண்டாம் கூடத்தில் காலை பத்து மணிக்கு வேலை தொடங்கியது. பாட வந்தவர்கள் பீட்டில்ஸ் குழுவினர். நால்வரில் மூத்தவருக்கே 22 வயதுதான். இரவு பத்தே முக்காலுக்கு அவர்கள் வெளியே வந்தபோது பத்துப் பாடல்கள் நாடாவில் ஏறியிருந்தன. முன்பே வெளிவந்த இரண்டு சிறு இசைத்தட்டுகளின் நான்கு பாடல்களையும் சேர்த்து 14 பாடல்களோடு அவர்களுடைய முதல் ஆல்பம் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ தயாரானது.

ஒரே நாளில் எப்படி முடிந்தது? திறமை பாதிக் காரணம். மீதிப் பாதி, அவர்களுக்கு எதிரே சுழன்றுகொண்டிருந்த ஒலிப்பதிவு இயந்திரம்.

கால் அங்குல அகலப் பிளாஸ்டிக் நாடா. அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடு பூச்சு. மைக்கிலிருந்து வரும் மின்சாரம் ஒரு குட்டி மின்காந்தத்துக்குப் போகிறது. அதன் மெல்லிய இடைவெளியை உரசிக்கொண்டு நாடா ஓடும்போது, ஒலி ஏறி இறங்குவதற்கு ஏற்றபடி பூச்சிலுள்ள துகள்கள் காந்தமாகின்றன. மறுபடி ஓட்டினால் அந்தக் காந்தம் மின்சாரமாகி ஒலிபெருக்கிக்கு வருகிறது. அன்று பயன்பட்ட இயந்திரத்தில் இரண்டு டிராக், அதாவது தனித்தனியே ஒலி பதியும் இரண்டு தடங்கள். ஒன்றில் குரல்கள், இன்னொன்றில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம். அவ்வளவுதான் இடம்.

இதன் விளைவு கடுமையானது. டிரம்ஸ் சத்தம் தூக்கலாகப் போய்விட்டால் பிறகு அதை மட்டும் குறைக்க வழியில்லை. கிட்டாரும் பேஸும் அதே டிராக்கில் கலந்து கிடக்கின்றன. யார் தடுமாறினாலும் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஆகவே முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசிக்கத் தெரிந்த குழுவுக்கே அந்த இயந்திரம் பலன் தரும். ஹாம்பர்க் கேளிக்கை விடுதிகளில் இரவிரவாக மணிக்கணக்கில் வாசித்துப் பழகிய பீட்டில்ஸுக்கு அது கைவந்த கலை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் முதலில் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பிலேயே ரசிகர்கள் முன்னிலையில் பதிவு செய்ய நினைத்தார். போய்ப் பார்த்தபோது அந்த நிலவறையின் ஒலியமைப்பு சரிப்படாது என்று தோன்றவே, மேடையில் வாசிப்பதை அப்படியே ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இரண்டே டிராக் இருந்தும் சில வித்தைகள் செய்தார்கள். பதிவான நாடாவை ஓடவிட்டு, அதனோடு புதிதாகப் பாடி, இரண்டையும் சேர்த்து இன்னொரு நாடாவில் ஏற்றுவது ஒரு வழி. ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’யில் பால் மெக்கார்ட்னியின் குரல் இரட்டையாக ஒலிப்பது இப்படித்தான். ஆனால் ஒவ்வொரு நகலிலும் நாடாவின் இரைச்சல் கொஞ்சம் கூடும். அதனால் இதை அளந்துதான் செய்ய முடியும்.

என்னை மிகவும் ஈர்ப்பது ‘மிசரி’ பாட்டின் பியானோ. வழக்கமாக நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடும். இந்தப் பாட்டை மட்டும் 30 அங்குல வேகத்தில் பதிந்தார்கள். பிப்ரவரி 20 அன்று, பீட்டில்ஸ் யாரும் இல்லாத நேரத்தில், மார்ட்டின் அந்த நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டார். பாட்டு ஒரு ஸ்தாயி இறங்கி மெதுவாக நகர்ந்தது. அதற்கு ஏற்றபடி நிதானமாகப் பியானோ வாசித்துப் பதிந்தார். மறுபடி முழு வேகத்தில் ஓட்டியபோது பியானோ இரு மடங்கு விரைவாகவும் ஒரு ஸ்தாயி மேலேயும் கேட்டது. சுருதி மட்டுமா மாறுகிறது? ஒவ்வொரு சுரமும் எழும் வேகமும் அடங்கும் வேகமும் இரட்டிப்பாவதால், சாதாரணப் பியானோவில் வராத கணீரென்ற ஒரு தொனி கிடைக்கிறது. இயந்திரத்தையே ஒரு வாத்தியமாக வாசித்த இடம் இது என்பேன். பின்னாளில் 1967இல் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்துக்காக பீட்டில்ஸ்–மார்ட்டின் கூட்டணி மாதக்கணக்கில் செய்த சோதனைகளுக்கு வித்து இங்கேயே விழுந்துவிட்டது.

ஆல்பத்தின் முதல் பாட்டில் ஒரு கத்தரிப்பு இருக்கிறது. ‘ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்’ முதல் டேக்கிலேயே, அதாவது முதல் முறை வாசித்துப் பதிந்தபோதே, நன்றாக அமைந்துவிட்டது. ஆனால் தொடக்கத்தில் மெக்கார்ட்னி ஒன்று, இரண்டு என்று எண்ணுவது ஒன்பதாம் டேக்கில்தான் துடிப்பாக இருந்தது. அந்த எண்ணிக்கையை மட்டும் வெட்டியெடுத்து முதல் டேக்கின் தலையில் ஒட்டினார்கள். விநாடிக்கு 15 அங்குலம் என்றால் ஒரு விநாடி ஏறக்குறைய 38 சென்டிமீட்டர்; நேரத்தைக் கையால் தொட்டு அளந்து வெட்டலாம்.

தொண்டையைக் கிழிக்கும் ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ கடைசிக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஜான் லெனனுக்கு அன்று கடுமையான ஜலதோஷம். பகல் முழுக்கத் தொண்டை மாத்திரையிலும் பாலிலும் ஓட்டினார். இரவு பத்து மணி சுமாருக்குப் பாடினார். முதல் டேக்கே ஆல்பத்தில் இருப்பது. இரண்டாவதாக முயன்றபோது குரல் எழும்பவில்லை.

மார்ச் 22இல் வெளிவந்த ஆல்பம், மே மாதம் தொடங்கி 30 வாரம் பிரிட்டனின் முதலிடத்தில் இருந்தது.

அந்த இரண்டு டிராக்கை இன்றும் தனித்தனியே கேட்கலாம். மோனோவாகக் கலப்பதற்காகப் பதிந்தவற்றை, ஸ்டீரியோ பதிப்பில் வாத்தியத்தை இடது பக்கமும் குரலை வலது பக்கமுமாக வைத்துவிட்டார்கள். ஹெட்ஃபோனில் இடது பக்கத்தை மட்டும் காதில் வைத்து ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ கேளுங்கள். பிறகு வலது பக்கத்துக்கு மாறி, லெனனின் குரலுக்குப் பின்னால் டிரம்ஸ் கசிந்து வருகிறதா என்று கவனியுங்கள். எல்லோரும் ஒரே கூடத்தில் நின்று வாசித்தார்கள்.