தனித்தொகுதி உறுப்பினரின் வாக்கு யாருக்குச் சொந்தம்? காஞ்சிபுரம் தொகுதியை முன்வைத்துச் சில கேள்விகள்

நாவலூர், சிறுசேரி, தாழம்பூர்ப் பகுதிகளில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தும்போதெல்லாம் எங்களிடம் தவறாமல் ஒரு கேள்வி எழுப்பப்படுகிறது: “தனித்தொகுதி என்கிறார்களே, நம் எம்.பி. நமக்காக என்ன செய்தார்?” கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்கள். இக்கேள்விக்கு வதந்தியையோ கட்சி அபிமானத்தையோ நம்பி விடை சொல்ல வேண்டியதில்லை. உறுப்பினரின் பின்னணி, வாக்குப் பதிவு, தேர்தல் நிதி ஆகிய மூன்றையும் ஆவணங்களைக் கொண்டே ஆராயலாம். அந்த ஆவணங்கள் எவ்வளவு சொல்கின்றன, எங்கே மௌனம் காக்கின்றன என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

நாவலூர் திருப்போரூர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. திருப்போரூரோடு செங்கல்பட்டு, செய்யூர், மதுராந்தகம், உத்திரமேரூர், காஞ்சிபுரம் ஆகியவை சேர்ந்ததே காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி. 2008 தொகுதி மறுவரையறையில் இது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 2009இல் காங்கிரஸின் பி. விசுவநாதன், 2014இல் அதிமுகவின் கே. மரகதம், 2019இலும் 2024இலும் திமுகவின் ஜி. செல்வம் வெற்றி பெற்றனர். செல்வம் இரு முறையும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். உறுப்பினர் மூவரும் மூன்று கட்சியினர். ஆனால் மூவருக்கும் பொதுவான சட்டக் கட்டுகள் உண்டு.

பின்னணி: படிவம் 26

2002, 2003ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின், ஒவ்வொரு வேட்பாளரும் தம் கல்வி, சொத்து, கடன், குற்ற வழக்குகளைப் படிவம் 26இல் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். 2018ஆம் ஆண்டின் லோக் பிரஹரி தீர்ப்பு வருமானத்தின் மூலத்தையும் தெரிவிக்க வேண்டுமென்றது. பொய்த் தகவல் தருவதற்கும் தகவலை மறைப்பதற்கும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125அ பிரிவு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இப்படிவத்தை எவரும் காணலாம்.

பலர் மொத்தச் சொத்து மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நம் மாவட்டத்தினர் கவனிக்க வேண்டிய பகுதி அசையாச் சொத்து. ஒவ்வொரு நிலத்தின் இருப்பிடம், புல எண், பரப்பு, அது பரம்பரைச் சொத்தா, எப்போது என்ன விலைக்கு வாங்கப்பட்டது ஆகியவை அங்கே இருக்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் இங்குள்ள பறையர்களின் நிலையைப் பற்றி அளித்த அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நில ஒதுக்கீடு பிறந்தது. அந்நிலத்தை மீட்கக் கோரி 1994இல் காரணையில் நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். பழைய மகாபலிபுரம் சாலையில் நிலம் பொன்னாகிவிட்ட இன்று, எக்கட்சி வேட்பாளரானாலும் அவர் காட்டும் புல எண்களை வருவாய்த் துறையின் அ-பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

வாக்கு: பதிவாவதும் பதிவாகாததும்

மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்பது பதிவாவதில்லை. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தது. அதைச் சரிசெய்யும் திருத்தம் ஆகஸ்ட் 6 அன்று மக்களவையில் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது. நம் உயிரோடு தொடர்புடைய சட்டத்தில் நம் உறுப்பினரின் வாக்குக்குத் தனிச் சான்று கிடையாது.

அரசமைப்புத் திருத்தங்களுக்கு மட்டும் சிறப்புப் பெரும்பான்மை தேவை என்பதால் பிரிவு வாக்கெடுப்பு நடக்கிறது. பொதுப் பிரிவின் பொருளாதாரத்தில் நலிந்தோருக்குப் பத்து விழுக்காடு வழங்கும் 103ஆவது திருத்தம் 2019 ஜனவரி 8 அன்று 323க்கு 3 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அப்போது காஞ்சிபுரத்தைத் தன் வசம் வைத்திருந்த அதிமுக, அதை எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தது. எதிர்ப்புப் பேச்சு அவைக் குறிப்பில் உள்ளது. எதிர்ப்பு வாக்கு இல்லை. உறுப்பினரின் பேச்சையும் வாக்கையும் தனித்தனியாகத் தேட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

உறுப்பினர் தாமாக முடிவெடுக்க முடியுமா? 1985இல் 52ஆவது திருத்தம் கொண்டுவந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால், பதவி பறிபோகும். சின்னத்தின் அரசியல் இங்கேதான் முக்கியமாகிறது. 2019இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தொல். திருமாவளவன் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்குகளில் வென்றார். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார். ஆகவே மக்களவைக் கணக்கில் அவர் திமுக உறுப்பினர். 2021இல் திருப்போரூர் பொதுத் தொகுதியை அக்கட்சி பானைச் சின்னத்தில் வென்றதும், 2024இல் இருவரும் அதே சின்னத்தில் மக்களவைக்குச் சென்றதும் இப்பின்னணியில் பொருள் பெறுகின்றன. எந்தச் சின்னத்தில் வெல்கிறாரோ அந்தக் கட்சியின் கொறடாவுக்கே உறுப்பினரின் வாக்கு கட்டுப்படுகிறது.

நிதி: கட்சியின் கையில் பை

பட்டியல் சாதி வேட்பாளருக்கு மக்களவை வைப்புத்தொகை 25,000 ரூபாயில் பாதிதான். ஆனால் செலவு வரம்பு எல்லோருக்கும் ஒன்றே. 2022 முதல் தமிழ்நாட்டில் அது 95 லட்சம் ரூபாய். வேட்பாளர் முடிவு வெளியான 30 நாட்களுக்குள் கணக்குத் தர வேண்டும். அதன் நகலை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கட்டணம் செலுத்திப் பெறலாம். கட்சியின் செலவுக்கோ வரம்பே இல்லை.

அந்தப் பணத்தின் ஊற்றை மறைத்து வைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வெளிவந்த விவரங்களில் பாஜக பெற்றது 6,000 கோடி ரூபாய்க்கும் மேல். திமுக பெற்றது 656.5 கோடி. அதில் 509 கோடி லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் தந்தது. இந்திய கம்யூனிஸ்ட், மார்க்சிஸ்ட் கட்சிகள் பத்திரங்களை ஏற்க மறுத்தன. பத்திரங்கள் கட்சிக்கு வந்தவை. காஞ்சிபுரத்தில் எந்த வேட்பாளருக்கு எவ்வளவு போனது என்பதை அவை காட்டுவதில்லை. சொந்த மூலதனமற்ற தலித் வேட்பாளர் கட்சித் தலைமையின் பையை நம்பி நிற்கிறார். வென்றபின் அதே தலைமையின் கொறடாவுக்குக் கட்டுப்படுகிறார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தனித்தொகுதி உறுப்பினரின் மௌனம் விளங்கும்.

இம்மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து தனி வாக்காளர் தொகுதி கேட்டது இந்த அபாயத்தை அறிந்துதான். 1932 பூனா ஒப்பந்தம் இடங்களைத் தந்தது. தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைப் பொது வாக்காளரிடம் விட்டது.

அந்த இடங்களுக்கும் கெடு உண்டு. 104ஆவது திருத்தத்தின்படி மக்களவை, சட்டமன்றத் தனித்தொகுதிகள் 2030 ஜனவரி 25 வரை மட்டுமே. அடுத்த நீட்டிப்பு விவாதத்துக்கு முன் நாம் செய்யக்கூடியவை சில உள்ளன. உறுப்பினரின் வருகை, கேள்விகள், விவாதங்களை மக்களவை இணையதளத்தில் தொகுக்கலாம். வன்கொடுமை தொடர்பான மசோதாக்களில் பிரிவு வாக்கெடுப்புக் கோருமாறு எழுத்தில் கேட்கலாம். ஆண்டுக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதியில், பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கு வழிகாட்டு நெறிமுறை சொல்லும் 15 விழுக்காடு எந்தத் தெருவுக்கு வந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். நாவலூர் மாணவர்கள் பத்துப் பேர் ஒரு மாதம் உழைத்தால் இந்தக் கணக்கு உருவாகிவிடும். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வியை எந்தக் கட்சியும் எளிதில் தள்ளிவிட முடியாது.