வறிய மாணவரும் ஆசிரியரின் பார்வையும்

கேட்டுப் பெறும் ஏழையை எவரும் அறிவர். கேளாதிருக்கும் ஏழையை அறிவதற்கே தனிப் பார்வை வேண்டும். அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனம் இத்தகையோரைப் பற்றியே பேசுகிறது. அவர்களது தன்மானத்தைக் காணும் அறியாதவர் அவர்களைச் செல்வர் என எண்ணிவிடுவர். ஆயினும் அடையாளங்களைக் கொண்டு அவர்களை அறியலாம் என்பது அதன் கருத்து. மஸ்ஜிதுந் நபவீயின் திண்ணையில் தங்கிக் கல்வி பயின்ற ஏழைத் தோழர்களைக் குறித்தே இவ்வசனம் அருளப்பெற்றது என விரிவுரையாளர் பலர் கூறுவர். எனவே, வறிய மாணவனை அடையாளங்காணுதல் நமது மரபில் கற்பித்தலோடு உடன்பிறந்த கடமையாகும்.

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் இளமை வரலாற்றைக் கதீப் அல்-பக்தாதீ பதிவு செய்துள்ளார். கூஃபாவில் ஹிஜ்ரி 113இல் பிறந்த அவர், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாட அவையில் பயின்று வந்தார். வீட்டிலோ கடும் வறுமை. ஆசிரியர் வசதியுள்ளவர், நீயோ பிழைப்பைத் தேட வேண்டியவன் என்று தந்தை கடிந்துரைக்க, அவரது வருகை குறைந்தது. ஆசிரியர் அவர் வராததைக் கவனித்தார், மற்றவர்களிடம் விசாரித்தார். மாணவர் மீண்டும் வந்தபோது காரணத்தைக் கேட்டறிந்தார். அவை கலைந்த பின்னர் நூறு திர்ஹம் கொண்ட பை ஒன்றைக் கொடுத்து, பாடத்தைத் தவறவிட வேண்டாம் என்றார். பின்னரும், மாணவர் வாய் திறந்து கேட்குமுன்பே உதவி வந்துகொண்டிருந்தது. அம்மாணவரே பிற்காலத்தில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாகி, அரசின் வரிமுறை பற்றிக் கிதாபுல் கராஜை எழுதினார்.

இந்நிகழ்ச்சியில் மூன்று செய்திகள் உள்ளன. வராமையை ஒழுங்கீனமாகக் கருதாமல் காரணம் வினவியது முதலாவது. பிறர் அகன்ற பின்னரே கொடுத்தது இரண்டாவது. ஒருமுறையோடு நிறுத்தாமல் தொடர்ந்தது மூன்றாவது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது. தந்தையை இழந்த அவருக்காக ஆசிரியருக்கு ஊதியம் அளிக்க அன்னையாரிடம் பொருளில்லை. தாம் எழுந்து செல்லும் வேளையில் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டால் போதும் என ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். உதவி இங்கே பொறுப்பாக மாறியது. ஏழைச் சிறுவன் இரவலனாகவில்லை.

இன்று நமது அரபிக் கல்லூரிகள் பலவற்றில் உணவும் உறைவிடமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் மாணவனின் வயிறு நிறைவதால் அவனது வீட்டின் அடுப்பு எரிந்துவிடுவதில்லை. மகனின் கூலியை எதிர்நோக்கும் தந்தை இன்றும் இருக்கிறார். விடுமுறை முடிந்தும் திரும்பாத மாணவன், சுற்றுலா என்றதும் உடல்நலமில்லை என்பவன், புதிய நூல் அறிவிக்கப்பட்டதும் பின்வரிசைக்குச் செல்பவன் ஆகியோரிடம் வசனம் சுட்டும் அடையாளங்களைத் தேடலாம். அனைவர் முன்னிலையிலும் கட்டண நிலுவையை வாசிப்பதும், தாமதத்திற்கு அபராதம் விதிப்பதும் அவர்களை வாயிலுக்கு வெளியே தள்ளிவிடும்.

சட்ட வழியும் திறந்தே உள்ளது. உழைக்க ஆற்றலிருந்தும், உழைத்தால் மார்க்கக் கல்வி தடைபடும் என்ற நிலையிலுள்ள மாணவன் ஸகாத் பெறலாம் என இமாம் நவவீ (ரஹ்) 'அல்மஜ்மூஉ' நூலில் தெளிவுபடுத்தியுள்ளார். பெறுபவரிடம் அதனை ஸகாத் என்று அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கல்லூரி நிர்வாகமும் ஜமாஅத்தும் இதற்கெனச் சிறு நிதியை ஒதுக்கி, அதனை வழங்கும் பொறுப்பை மாணவரின் நிலையறிந்த ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம்.

வருகைப் பதிவேட்டில் விழும் ஒவ்வொரு வெற்றிடமும் ஒரு வினா. அதற்கு விடை தேடும் ஆசிரியர், சமுதாயம் இழக்கவிருந்த ஓர் ஆலிமைக் காப்பாற்றியவராவார்.