தங்கத் தாத்தாவும் தோட்டத்துப் பிள்ளைகளும்

ஆடி பிறந்த கையோடு, கண்டிக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் முன்பள்ளிக்குச் சென்றிருந்தோம். லயத்துப் பிள்ளைகள் வட்டமாக நின்று, கைதட்டி, 'ஆடிப்பிறப்பு' பாடலைப் பாடிக் காட்டினர். பாடி முடிந்ததும் ஒரு சிறுமி எம்மருகே வந்தாள்.

"சாமி, பனங்கட்டின்னா என்னங்க?"

"நம்ம கித்துள் கருப்பட்டி மாதிரித்தான். பனையிலிருந்து எடுக்கிறது" என்றோம்.

"பனைன்னா?"

மலையில் பிறந்த பிள்ளை. பனையை எங்கே கண்டிருப்பாள்? திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை.

அப்பாடலைத் தந்தவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். 1878ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து நவாலியில் பிறந்தவர். வட்டுக்கோட்டையில் ஓர் ஆங்கிலப் பாடசாலையில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தார். பக்திப் பாடல்களும் நாடகமும் இயற்றிய பெரும் புலவர். பனையின் பெருமையைப் பாடும் 'தாலவிலாசம்' அவருடையதே. ஆயினும் மக்கள் மனதில் அவர் நிலைத்திருப்பது சிறுவர் பாடல்களால்தான். 'தங்கத் தாத்தா' என்றே அவரை அழைத்தனர். 1953 யூலை 10ஆம் நாள் அவர் மறைந்தபோது, ஆடி பிறக்கச் சில நாள்களே இருந்தன.

அவர் சிறுவருக்காகப் பெரிதாக எதையும் தேடிப் போகவில்லை. பயறு வறுப்பதையும், மா இடிப்பதையும், பொறுக்கிய பலாவிலையைக் கோலிக் கூழ் குடிப்பதையும் பாட்டாக்கினார். கத்தரித் தோட்டத்து வெருளியைக் கூலி கேளாத காவற்காரனாக நிறுத்தி, வேடிக்கை காட்டினார். 'தாடி அறுந்த வேடன்', 'எலியும் சேவலும்' என்று கதையையும் சிரிப்பையும் சேர்த்துத் தந்தார். தன் வீட்டு முற்றமும் பாட்டுக்குரியதே என்று அங்குள்ள பிள்ளை அறிந்துகொண்டது. தன் ஊரை மதிக்கக் கற்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

மலையகப் பிள்ளைக்கு அந்தப் பேறு கிட்டியதா?

கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அன்றிலிருந்து எத்தனை தலைமுறைகள்! தாய் கொழுந்தெடுக்கப் போக, பிள்ளைக் காம்பராவில் வளர்ந்த குழந்தைகள் எத்தனை ஆயிரம்! அவர்களுக்குப் பாட்டே இல்லை என்று சொல்வது தவறு. தாலாட்டும் கும்மியும் லயங்களில் இருந்தன. மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அத்தகைய மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்து, 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாகத் தந்தார். ஆனால் அந்தச் செல்வம் எம் முன்பள்ளிகளின் வாசலை எட்டவில்லை. கொழுந்துக் கூடையும் பனி மூட்டமும் அட்டைக்கடியும் பிள்ளைகளின் அன்றாட அனுபவங்கள். அவர்கள் பாடும் பாட்டில் மட்டும் அவை இல்லை.

ஆடிப்பிறப்பை நிறுத்த வேண்டும் என்பதல்ல எம் கருத்து. அதை எல்லாப் பிள்ளைகளும் பாடட்டும். பனையின் படத்தையும் காட்டிப் பாட வைப்போம். ஆனால் புலவர் காட்டிய வழி என்ன? பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கு என்பதல்லவா?

முன்பள்ளி ஆசிரியைகளே, பிள்ளைக் காம்பரா ஆயம்மாமாரே, இதற்குப் பெரும் நிதியோ நிபுணரோ தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும். லயத்தில் இருக்கும் பாட்டிமாரிடம் சென்று கேளுங்கள். நினைவில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையே சொல்ல வைத்து, புதிதாக இரண்டு அடி கட்டிப் பாருங்கள். பாட்டிமார் ஒவ்வொருவராக எம்மை விட்டுப் பிரிகின்றனர். இன்று கேளாத பாட்டை நாளை யாரிடம் கேட்போம்?

அடுத்த ஆடியில் அந்தச் சிறுமியைப் பார்க்கப் போவோம். அவள் எமக்கு ஒரு பாட்டைப் பாடிக் காட்ட வேண்டும்; அதிலுள்ள ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல், அவளிடம் நாம் கேட்க வேண்டும்.