பிறந்த வருஷத்துக் காசு

தண்டவாளம் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் காசு வியாபாரம் எதற்கு என்று நம் சங்க அன்பர்கள் கேட்கிறார்கள். ஆஸ்டின் டவுனில் என் வீட்டு முன்னறைதான் கடை. பெயர்ப்பலகை கிடையாது, விற்பனை எல்லாம் ஆன்லைன் சந்தைகளில். பிறந்த வருஷமோ கல்யாண வருஷமோ சொன்னால், அந்த வருஷத்து நாணயங்களைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து அனுப்புகிறேன். அறுபதாம் கல்யாணத்துக்குத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

1957 ஏப்ரல் 1-ல் அணாக் கணக்கு போய் நயா பைசா வந்தது. 1964-ல் 'நயா' உதிர்ந்தது. ஆகவே 1963-ல் பிறந்தவர் காசில் அந்தச் சொல் இருக்கும். 1965-ல் பிறந்தவருக்கு இராது. வருஷத்துக்குக் கீழே பாருங்கள்: வைரக் குறி என்றால் பம்பாய், நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. இதை இரண்டு வரியில் எழுதி உள்ளே வைக்கிறேன். காசைவிட அந்தச் சீட்டைத்தான் பேரப்பிள்ளைகள் விரும்புகிறார்களாம்.

ரயில்வே நண்பர்கள் ஓய்வு பெற்றால் 2003-ல் வந்த இரண்டு ரூபாய்தான். ரயில்வேயின் 150-வது ஆண்டு நினைவாக, விளக்கேந்திய போலு யானை போட்டது. அந்த யானையை 2002 ஏப்ரல் 16-ல் அறிமுகம் செய்தது நம் பெங்களூரில்! தமிழ்க் குடும்பங்கள் கேட்பது 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர் காசு; அடுத்து, அண்ணாவின் தமிழ்க் கையெழுத்துள்ள 2009-ம் வருஷத்து ஐந்து ரூபாய்.

லாபம் சொற்பம். கமிஷன், தபால், அட்டைப்பெட்டி எல்லாம் போக மிஞ்சுவதுதான் நமக்கு. ஒருமுறை திரும்பி வந்த சட்டத்தில் ஒரு காசைக் காணோம். அதுமுதல் கட்டும்போதே வீடியோ எடுத்துவிடுகிறேன்.

காசில் துளை போட்டு டாலர் செய்து தரச் சொல்வோரும் உண்டு. செல்லுபடியாகும் காசைச் சிதைப்பது 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். சிங்கப்பூர் அன்பர் ஒருவர், தாத்தா பிறந்த 1912-ம் வருஷத்து வெள்ளி ரூபாய்க்கு மூன்று மடங்கு தருகிறேன் என்றார். நூறு வயதான காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். விற்கவே உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு வழியில்லை. ஆர்டர் போயிற்று.

போன மாதம் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர், வைஷ்ணவி தேவி உருவம் போட்ட 2012-ம் வருஷத்து ஐந்து ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். "தம்பி, இதுக்கு அஞ்சு லட்சம் தர்றாங்களாம். முதல்ல ரெண்டாயிரம் கட்டணுமாம். பேத்தி காலேஜுக்கு ஆகும்" என்றார். போனில் பேசியவன் ரிசர்வ் வங்கி பெயரைச் சொன்னானாம். தன் பெயரால் பழைய காசு, நோட்டுக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டினேன். அவர் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் இரண்டாயிரம் தப்பியது.

இன்னொன்று: வீட்டில் பழைய காசு இருந்தால் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். பளபளத்த காசைச் சேகரிப்பவர்கள் சீந்துவதில்லை.