சத்திர சிகிச்சையும் கால் நீளமும்

தேய்ந்த இடுப்பு மூட்டை நீக்கி, உலோகக் குண்டும் பாலிஎதிலீன் கிண்ணமும் பொருத்தும் முறையை 1962-ம் வருஷத்தில் இங்கிலாந்திலுள்ள ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜான் சார்ன்லி நிலைநாட்டினார். அதனால் வலி நீங்கி நடமாடுவோர் இன்று எண்ணிறந்தோர். ஆயினும் கட்டிலை விட்டு எழுந்து முதல் அடி வைத்ததும், "கால் நீண்டுவிட்டதே!" என்று திகைப்போரும் அவர்களில் பலர் உண்டு. இத்திகைப்பை வைத்தியர்கள் புன்னகையால் தள்ளிவிடுவது முறையன்று என்பது நமது அபிப்பிராயம்.

நீளமாகத் தோன்றுவதெல்லாம் நீளமன்று. பல வருஷங்கள் மூட்டுத் தேய்ந்து கால் குறுகியிருந்தவருக்குத் தசைகள் இறுகி, இடுப்பெலும்பும் ஒருபுறம் சாய்ந்திருக்கும். புதிய மூட்டு காலைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தபோதிலும் தசைகள் உடனே இணங்குவதில்லை. தேகாப்பியாசத்தினால் இது பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் அடங்கிவிடும். அவசரப்பட்டு மற்றக் காலின் செருப்பை உயர்த்திக்கொண்டாலோ, இடுப்பு அச்சாய்விலேயே நிலைத்துவிடக்கூடும். 3 முதல் 6 மாதம் பொறுத்து, எக்ஸ்ரே எடுத்து அளந்து பார்ப்பதே விவேகம்.

உண்மையான வித்தியாசமும் சில சமயம் தவிர்க்க முடியாதது. சுற்றியுள்ள தசைகள் தளர்ந்திருந்தால் குண்டு கிண்ணத்தை விட்டு நழுவிவிடும். அதைத் தடுக்க ஸர்ஜன் காலைச் சிறிது நீட்டியே பொருத்த நேரிடுகிறது. நழுவும் மூட்டைவிட நீண்ட கால் மேல் என்பதில் நமக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன்பே அதை நோயாளியிடம் சொல்லிவிடுவதில் என்ன கஷ்டம்?

ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட வித்தியாசத்தைப் பெரும்பாலோர் உணர்வதே இல்லை. அதற்கு மேற்பட்டு, முதுகுவலியும் நொண்டலும் நீடித்தால், குட்டையான காலுக்குரிய பாதரட்சையை உயர்த்தலாம். முழு வித்தியாசத்தையும் ஒரேயடியாக ஈடுசெய்யாமல் சிறிது சிறிதாக உயர்த்தவேண்டும். உயரம் அதிகமானால் உள்ளே வைக்கும் அட்டை போதாது. ஸோலையே உயர்த்தித் தைக்கவேண்டும். பாதம் மரத்துப்போனாலோ, தூக்க முடியாமற் போனாலோ நரம்பு இழுபட்டிருக்கலாம். அப்பொழுது ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

வீட்டிற்குள்ளும் பூட்ஸ் அணியும் தேசங்களுக்கு இவ்வளவு போதும். நம்மவர்களோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறவர்கள். தெருவில் மட்டும் கிடைக்கும் உயரம், நாளெல்லாம் அடுக்களையில் வெறுங்காலுடன் நிற்கும் ஸ்திரீக்கு எதற்கு உதவும்? அதே அளவு உயர்த்திய இன்னொரு ஜோடியை வீட்டிற்கென்றே தைத்து வைத்துக்கொள்ளும்படி ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பவேண்டும். வீட்டுப் பெரியவர்களும் அதற்கு ஆசாரத்தைக் காட்டித் தடை சொல்லலாகாது.