மேலே ஏறணுமா? முதல்ல விழக் கத்துக்குங்க!

ட்ரம்ப் கார்டு விளையாடியிருக்கிறீர்களா? தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன பையன்களில் விளையாடாதவர்கள் குறைவு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மல்லர். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ராங்க்... எட்டாம் வாய்ப்பாடு வராதவனுக்கும் அண்டர்டேக்கரின் எடை பவுண்டு கணக்கில் சுத்தமாகத் தெரியும். அவருக்கு ஏழு உயிர் என்று யாரோ ஒருத்தன் கிளப்பிவிட, நாலு பேர் சத்தியம் பண்ணி அதை உறுதிப்படுத்துவார்கள்.

அந்தப் பையன்களெல்லாம் இப்போது ஆபீஸில் எக்ஸெல் ஷீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால், எங்கேயோ ஒருத்தனுக்கு மட்டும் ஆசை விடுவதில்லை. ‘நாமும் அந்த ரிங்கில் ஏறினால் என்ன?’ இந்தக் கட்டுரை அந்த ஒருத்தனுக்காக. மற்றவர்களும் படிக்கலாம். அடி விழாது!

எல்லாம் டூப்தானே?

இந்தக் கேள்வியை முதலில் தீர்த்துவிடலாம். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டதுதான். ரொம்ப காலத்துக்கு இதை வெளியே சொல்வதே அந்தத் தொழிலில் பாவம். 1989-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநில செனட்டில், டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனியே ‘நாங்கள் நடத்துவது போட்டி இல்லை, பொழுதுபோக்கு’ என்று ஒப்புக்கொண்டது. திடீர் ஞானோதயம் என்று நினைத்துவிடாதீர்கள். விளையாட்டுப் போட்டி என்றால் லைசென்ஸ், கட்டுப்பாடு, மேற்பார்வை. பொழுதுபோக்கு என்றால் அந்தத் தலைவலி குறைவு. நான் பி.காம். என்பதால் இந்த இடம் மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது.

(அதே கம்பெனி 2002-ல் பெயரை டபிள்யூ.டபிள்யூ.இ. என்று மாற்றிக்கொண்டது. காரணம், அதே மூன்றெழுத்தை வைத்திருந்த வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு கோர்ட்டில் ஜெயித்துவிட்டது. பெரிய பெரிய பயில்வான்களால் முடியாததைப் பாண்டா கரடி முடித்துக் காட்டியது!)

முடிவுதான் முன்கூட்டியே எழுதியது. விழுவது நிஜம். ரிங்கின் அடியில் இரும்புச் சட்டம். அதன் மேல் மரப்பலகை. அதன் மேல் மெல்லிசாக ஒரு நுரை விரிப்பு, கடைசியாக கான்வாஸ். மெத்தை என்று நினைத்து ஏறுகிறவனுக்கு முதல் நாளே ஞானம் பிறந்துவிடும். சினிமா ஸ்டண்ட் மாதிரி ‘ஒன் மோர்’ கிடையாது. ஆயிரம் பேர் எதிரில் ஒரே டேக்கில் ஓகே ஆக வேண்டும்.

முதல் பாடம்

எந்த நல்ல பள்ளியில் சேர்ந்தாலும் முதல் பாடம் அடிப்பது இல்லை, விழுவது. அதற்கு ‘பம்ப்’ என்று பெயர். மல்லாக்க விழும்போது முகவாய்க்கட்டை நெஞ்சைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் பின்மண்டை பலகையில் மோதும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். இரண்டு கைகளையும் விரித்து உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். அடியை ஒரே இடத்தில் வாங்காமல் உடம்பு முழுக்கப் பங்கு போட்டுக்கொடுப்பதுதான் சூட்சுமம். இதையே நாள் முழுக்க, வாரக்கணக்கில் செய்யச் சொல்வார்கள். ரிங்கின் கயிற்றில் ஓடிப்போய் முதுகைச் சாய்த்துத் திரும்புகிறார்களே, அதுவும் ஒரு பாடம். முதல் வாரத்தில் விலாப்பக்கம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும்.

அப்புறம் பிடிகள். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலான பிடிகள் இடது கை, இடது கால் பக்கமே போடப்படும். உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்த இரண்டு பேரும் ஒத்திகை இல்லாமலே ஒத்துப்போக அப்படி ஒரு பழக்கம். (மெக்ஸிகோவில் மட்டும் வலது பக்கம்!) எதிராளி உங்களைத் தலைக்கு மேல் தூக்கும்போது உங்கள் கழுத்து அவர் கையில். நீங்கள் அவரைத் தூக்கும்போது அவர் கழுத்து உங்கள் கையில். நிஜமாகவே அடிபட்டுவிட்டால், ரெஃப்ரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறியாக வைப்பார். அதற்குப் பிறகு கதை, வசனம் எல்லாம் நிற்க வேண்டும்.

ஜப்பானில் இன்னும் கெடுபிடி. நியூ ஜப்பான் என்ற கம்பெனியின் பயிற்சிக்கூடத்தில் சேர்கிற பையன்கள் அங்கேயே தங்கிச் சமைக்க வேண்டும், பெருக்க வேண்டும், சீனியர்களுக்கு ஏவல் செய்ய வேண்டும். கறுப்பு ஜட்டி, கறுப்பு பூட்ஸ் தவிர வேறு அலங்காரம் கிடையாது. தினமும் நூற்றுக்கணக்கில் ஒரு உட்கார்ந்து எழும் பயிற்சி. அதற்கு இங்கிலீஷில் ‘ஹிண்டு ஸ்க்வாட்’ என்று பெயர். வேறொன்றுமில்லை... நம்ம ஊர் கோதாவில் தாத்தா காலத்திலிருந்து போட்டுக்கொண்டிருக்கும் பஸ்கிதான்!

எங்கிருந்து வந்தார்கள்?

‘நமக்கெல்லாம் நடக்குமா சார்?’ என்பவர்களுக்காக நாலு பேர்.

ஷேமஸ் என்ற அயர்லாந்துக்காரர் கம்ப்யூட்டர் டெக்னீஷியனாக வேலை பார்த்தவர். 2009-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன். ஆக, ஆபீஸ்காரர்களுக்கும் வழி உண்டு.

மிக் ஃபோலி காலேஜில் படித்துக்கொண்டே, வார இறுதிகளில் பல மணி நேரம் கார் ஓட்டிப்போய் பென்சில்வேனியாவில் பயிற்சி எடுத்தார். ராத்திரி தூக்கம் அதே காரில். 1994-ல் ஜெர்மனியில் நடந்த ஒரு சண்டையில் வலது காதின் பெரும்பகுதி போய்விட்டது. டூப் என்பவர்கள் அந்தக் காதைப் பார்க்கலாம். இருந்தால்!

நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருகிறவர் தலிப் சிங் ராணா என்கிற தி கிரேட் காலி. இமாசலப் பிரதேச கிராமத்து ஏழைக் குடும்பம். பஞ்சாப் போலீஸில் வேலை. 2000-ல் கலிஃபோர்னியாவுக்குப் போய்ப் பயிற்சி. 2006-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. மேடை, 2007-ல் உலக ஹெவிவெயிட் பட்டம். ஏழடி உயரம் அவருக்கு ஆண்டவன் கொடுத்தது, நமக்குக் கொடுக்கவில்லை. ஆனால், 2015-ல் அவர் ஜலந்தரில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே வேடிக்கை பார்க்கப் போன ஹரியானாவின் கவிதா தேவி, ‘யாராவது வர்றீங்களா?’ என்ற சவாலைக் கேட்டு சல்வார் கமீஸோடு ரிங்கில் ஏறினார். பளுதூக்கும் வீராங்கனை, 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கியவர். 2017-ல் அதே சல்வார் கமீஸில் அமெரிக்க ரிங்கில் ஏறினார். டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சண்டை போட்ட முதல் இந்தியப் பெண் அவர்தான்.

இன்னொருவர் உத்தரப் பிரதேசத்து லாரி டிரைவர் மகன் ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு இல்லை). ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர். 2008-ல் டி.வி. போட்டியில் ஜெயித்து அமெரிக்காவில் பேஸ்பால் ஆடப் போனார். கை காயத்தால் அது நின்றுபோக, 2018-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. ஒப்பந்தம்.

இவர்களில் யாரும் வெறும் ஜிம் பாடியோடு போகவில்லை. ஏதோ ஒரு விளையாட்டோ, வேலையோ, பல வருஷப் பிடிவாதமோ பின்னால் இருந்தது.

ஒரு தம்பியும் ஒரு நோட்டீஸும்

எங்கள் தெருவில் ஒரு தம்பி. வயது 24. கொரியர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சாயங்காலம் ஜிம். போன வருஷம் என்னிடம் ஒரு நோட்டீஸைக் காட்டினார். ‘ஆறு மாதப் பயிற்சி. டபிள்யூ.டபிள்யூ.இ. உத்தரவாதம்!’ ஒண்ணேகால் லட்சம் ரூபாய். மொத்தமும் முன்பணம்.

“பணத்துக்கு என்ன பண்ணப் போறே தம்பி?”

“அம்மா வளையல் இருக்குண்ணே. அடகு வெச்சுட்டு அப்புறம் மீட்டுடலாம்.”

“அம்மாகிட்ட சொல்லியாச்சா?”

தம்பி தன் ஷூ நுனியைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். ஒரு ஹால். தரையில் இரண்டு விரிப்பு. சுவரில் காலண்டர் சைஸில் ஜான் ஸீனா.

“ரிங் எங்கே சார்?”

“வந்துக்கிட்டே இருக்கு.”

“பயிற்சி தர்றவர் எங்கே ஃபைட் பண்ணியிருக்கார்?”

“இன்டர்நேஷனல் சார்.”

“எந்த ஊர் இன்டர்நேஷனல்?”

“நீங்க சேர வந்தீங்களா, இன்கம்டாக்ஸ்லேர்ந்து வந்தீங்களா?”

அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்டேன். அதற்கு மட்டும் அழகாக அச்சடித்த பாரம் தயாராக இருந்தது: எது நடந்தாலும் மாணவரே பொறுப்பு. திரும்பி வந்துவிட்டோம்.

இதைச் சிரித்துவிட்டு விட முடியாது. காலி பயிற்சி எடுத்த அதே கலிஃபோர்னியா பள்ளியில், 2001-ல் ஒரு மாணவர் பயிற்சியின்போது விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். பள்ளி பொறுப்பில்லாமல் நடந்துகொண்டது என்று 2005-ல் ஜூரி சொன்னது. குடும்பத்துக்கு 13 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு. பணம் வந்தது, பிள்ளை வரவில்லை. நல்ல பெயருள்ள இடத்திலேயே இப்படி என்றால், இரண்டு விரிப்புப் போட்ட ஹாலில்?

அதனால், எந்தப் பள்ளியாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்:

1. ரிங் இருக்கிறதா? கண்ணால் பார்த்தீர்களா?

2. சொல்லித்தருகிறவர் மேடையில் சண்டை போட்ட வீடியோ இருக்கிறதா?

3. ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க விடுவார்களா?

4. தலையில் அடிபட்டவனை ஓய்வெடுக்கச் சொல்வார்களா, ‘ஆம்பிளையா நீ?’ என்று கேட்பார்களா?

5. மாதாமாதம் பணம் கட்டலாமா, முழுவதும் முன்பணமா?

‘கான்ட்ராக்ட் உத்தரவாதம்’ என்று சொன்னால் ஆறாவது கேள்வியே வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எந்தப் பள்ளியாலும் அதைத் தர முடியாது.

வரவு செலவு

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். ஆரம்ப வருஷங்களில் வரவு என்ற பக்கம் கிட்டத்தட்ட காலி. (கிரேட் காலி இல்லை, வெறும் காலி!) அமெரிக்கச் சின்ன கம்பெனிகளில் ஒரு பழைய கேலி உண்டு: சம்பளம் ஒரு ஹாட் டாக், ஒரு கைகுலுக்கல். செலவுப் பக்கத்தில் பயிற்சிக் கட்டணம், சாப்பாடு, பூட்ஸ், பயணம், எக்ஸ்ரே. உச்சியில் இருக்கும் டபிள்யூ.டபிள்யூ.இ.கூட மல்லர்களை ஊழியராக இல்லாமல், தனி ஒப்பந்தக்காரராகத்தான் கணக்கு வைக்கிறது. நம் ஆபீஸில் முணுமுணுத்துக்கொண்டே பிடித்தம் கொடுக்கிறோமே பி.எஃப்., அந்த மாதிரி சமாசாரத்தின் அருமை அங்கே போனால் தெரியும்.

தேய்மானம் என்று ஒரு கணக்குத் தலைப்பு உண்டு. மெஷினுக்குப் போடுவோம். இந்தத் தொழிலில் அது உடம்புக்கு. ஹார்வர்டில் படித்துவிட்டு மல்யுத்தத்துக்கு வந்தவர் கிறிஸ் நொவின்ஸ்கி. தலையில் பட்ட அடிகளால் 2003-ல் ரிங்கை விட்டு விலகினார். அப்புறம் மூளைக் காயங்களைப் பற்றி ஆராய 2007-ல் ஓர் அமைப்பே தொடங்கினார். தலையில் நாற்காலியால் அடிப்பதை 2010-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. தடை செய்தது. அதற்கு முன்னால் அடி வாங்கிய தலைகளுக்குத் தடை உத்தரவு உதவாது.

சரி, என்ன செய்யலாம்?

வேலையை விடாதீர்கள். முதலில் உங்கள் ஊர் விளையாட்டரங்கில் குஸ்தியோ, ஜூடோவோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஜூடோவிலும் முதலில் பத்திரமாக விழத்தான் சொல்லித்தருவார்கள். ‘பம்ப்’ பாதி அங்கேயே வந்துவிடும். கழுத்து, முதுகுக்கு டாக்டரிடம் ஒரு சோதனை. ஊசி போட்டுச் சதை ஏற்றுகிறேன் என்கிறவர் நிழலைக்கூட மிதிக்காதீர்கள். பிறகு பேச்சு. கண்ணாடி முன் நின்று இரண்டு நிமிஷம் வீராப்பாக வசனம் பேசிப் பழகுங்கள். இங்கிலீஷும் வேண்டும், இந்தியும் இருந்தால் நல்லது. பாதி மல்லர்கள் தோற்பது கையால் அல்ல, மைக்கால். 2019-ல் மும்பையில் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆள் தேர்வு நடத்தியது. 2023-ல் ஹைதராபாத்தில் நிகழ்ச்சி நடத்தியது. அடுத்த வாய்ப்பு வரும்போது உடம்பு, பேச்சு, பாஸ்போர்ட் மூன்றும் தயாராக இருக்க வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போய் ரிங்கில் சம்பாதிக்கலாம் என்று எவனாவது சொன்னால், அவனுக்கு ஒரு பம்ப் கொடுக்கலாம்!

நம் தம்பி இப்போது காலையில் ஜூடோ, பகலில் கணக்கு. பயிற்சிக்கென்று மாதம் 3,000 ரூபாய் ஆர்.டி. கட்டுகிறார். அம்மாவிடம் அவரே சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை அஞ்சு மணிக்கு நாலு முட்டை அவித்து வைத்திருந்தாராம்.

கடைசியாக ஒரு விஷயம். சேர்ந்த புதிதில் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. பெயர் வாங்கியவரிடம் தினமும் தோற்பதுதான் வேலை. அவர் பலசாலி என்று ஜனங்கள் நம்பும்படி தோற்க வேண்டும். யார் ஜெயிப்பது என்பதை வேறு யாரோ ஆபீஸ் ரூமில் தீர்மானிப்பார்கள். எதிரில் நிற்பவர் முழு உடம்போடு அவர் அம்மாவிடம் திரும்பிப் போக வேண்டும் என்பது மட்டும் உங்கள் கையில்.

சம்மதமா? அப்படியானால் இன்று ராத்திரி அலாரத்தை அஞ்சு மணிக்கு வையுங்கள். பஸ்கி ஐம்பதில் ஆரம்பிக்கலாம்!