சிக்னலில் சுடுகிறதா, சாலையில் சுடுகிறதா?

பழைய அம்பாசடர் ஒன்று நடுரோட்டில் ஆவி கக்கி நின்றால், சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொல்வார்கள்: “பெரிய ரேடியேட்டரா போடுங்க சார்.” அனுபவப்பட்ட மெக்கானிக் மட்டும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: “சிக்னல்ல நிக்கும்போது சுடுதா, ரோட்டுல ஓடும்போது சுடுதா?” பழைய காருக்கு எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது என்பதில் பாதி இந்தக் கேள்வியிலேயே முடிவாகிவிடும்.

காரணம் எளிது. இன்ஜினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின் தருவது சுமார் 50 குதிரைத்திறன். அதாவது 37 கிலோவாட். முழு வேகத்தில் ஓடும்போது கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தைத் தண்ணீர் சுமக்க வேண்டும். வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் 1500 வாட் ஹீட்டர்கள் இருபத்தைந்தை ஒரே தொட்டியில் போட்டது போன்ற சூடு இது. அதை முறத்தைவிடச் சற்றே பெரிய ஒரு சல்லடை காற்றில் கொட்டித் தீர்க்கிறது. அந்தச் சல்லடைதான் ரேடியேட்டர்.

1901-இல் வெளிவந்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்காகப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் தேன்கூட்டு ரேடியேட்டரை உருவாக்கினார். அதில் 6 மில்லிமீட்டர் சதுர வாய் கொண்ட 8,070 சிறு குழாய்கள் இருந்தன. காற்று படும் பரப்பு கூடினால் குறைந்த தண்ணீரே போதும் என்று அது காட்டியது. இன்றைய ரேடியேட்டரும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ட்ரையம்ஃப் ஹெரால்டின் வாரிசு. இவற்றின் மூல வடிவங்கள் குளிர்நாட்டில் வரையப்பட்டவை. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரியில் இருக்க, வெளிக்காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 70. சித்திரை வெயிலில் காற்று 40 டிகிரி என்றால் வித்தியாசம் 50 மட்டுமே. அதே ரேடியேட்டர், அதே கார். வேலைத்திறனில் ஏறக்குறைய 30 சதவீதம் காணாமல் போய்விடுகிறது. போதாக்குறைக்கு ஏசி பொருத்தினால், அதன் கண்டென்சர் முன்னால் நின்றுகொண்டு வரும் காற்றை இன்னும் சூடாக்கி அனுப்பும்.

கேள்வியின் பொருள்

நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஃபேனுக்கு அங்கே பெரிய வேலையில்லை. அங்கே சுடுகிறது என்றால் குறை பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்தில்தான்: குழாய்களில் உப்புப் படிந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பிப் போயிருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம்.

சாலையில் சமர்த்தாக ஓடிவிட்டு சிக்னலில் மட்டும் சூடுகாட்டும் முள் ஏறுகிறது என்றால் குறை காற்றோட்டத்தில். அம்பாசடரில் ஃபேன், வாட்டர் பம்பின் முகப்பிலேயே பொருத்தப்பட்டு இன்ஜின் பெல்ட்டால் சுழல்கிறது. இன்ஜின் ஐடிலில் மெதுவாக ஓடினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில் அது சோம்பிவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது இரண்டு சோதனைகளும் ஒன்றாக வருகின்றன. இரண்டாம் கியரில் இன்ஜின் முழுமூச்சாக உழைக்கிறது. காரோ மாட்டுவண்டி வேகத்தில் ஊர்கிறது. வெப்பம் அதிகம், எதிர்க்காற்று குறைவு. மலையில் மட்டும் சுடும் காருக்கு ரேடியேட்டர், ஃபேன் இரண்டையும் பார்க்க வேண்டும்.

செம்பா, அலுமினியமா?

பழைய ரேடியேட்டரில் தண்ணீர்க் குழாய்கள் பித்தளை. அவற்றுக்கிடையே உள்ள மெல்லிய தகடுகள் செம்பு. எல்லாம் ஈயப் பற்று. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிடச் செம்பே மேல். அலுமினியத்தின் திறன் அதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். பிறகு ஏன் புதிய கார்கள் எல்லாம் அலுமினியத்துக்கு மாறின? பித்தளைக் குழாய்கள் பொதுவாக அரை அங்குல அகலமே இருக்கும். அதைவிட அகலமாகச் செய்தால் அழுத்தத்தில் உப்பாமலிருக்கத் தடிமன் கூட்ட வேண்டும், எடை ஏறிவிடும். எடை குறைந்த அலுமினியத்தில் ஓர் அங்குலக் குழாயே செய்யலாம். தகடோடு குழாய் ஒட்டும் பரப்பு கூடுவதால், இரண்டு வரிசை அலுமினியக் குழாய்கள் நான்கு வரிசைப் பித்தளைக் குழாய்களோடு போட்டி போடும்.

ஆனாலும் பழைய காருக்கு என் ஓட்டு செம்புக்கே. ஓட்டை விழுந்தால் தெருமுனைப் பட்டறையிலேயே ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். மேல் தொட்டியைக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டு உப்பை எடுக்கலாம். குழாயும் தகடும் சேர்ந்த கோர் முற்றிலும் போய்விட்டால் தொட்டிகளை வைத்துக்கொண்டு கோரை மட்டும் மாற்றலாம்; காரின் பழைய முகமும் கெடாது. பெரிய இன்ஜின் மாற்றியவர்களுக்கும் ஏசி வைத்தவர்களுக்கும் அலுமினியம் பொருந்தும். அப்படிப் போட்டால் கூலன்ட் கலக்காமல் ஓட்டக் கூடாது; எர்த் ஒயர்களும் சரியாக இருக்க வேண்டும். மின்சாரம் ரேடியேட்டர் வழியே திரும்ப ஆரம்பித்தால் அலுமினியம் பொத்தல் பொத்தலாக அரிக்கும்.

குழாய் வரிசைகளைக் கூட்டிக்கொண்டே போவதிலும் பயனில்லை. முதல் வரிசையைத் தாண்டும் காற்று சூடாகிவிடுகிறது. நான்காம் வரிசைக்குப் போய்ச் சேர்வது சூடான காற்று. இடமிருந்தால் அகலத்தையும் உயரத்தையும் கூட்டுவதுதான் நல்லது.

ஃபேன்: இழுப்பதா, தள்ளுவதா?

மின்சார ஃபேனின் பெரிய நன்மை, இன்ஜின் ஐடிலில் இருந்தாலும் முழு வேகத்தில் சுற்றுவது. ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுப்பது ஒரு வகை. முன்னால் நின்று தள்ளுவது இன்னொன்று. இடமிருந்தால் இழுப்பதையே தேர்ந்தெடுங்கள். முன்னால் நிற்கும் ஃபேன் ஓடாத நேரத்தில் எதிர்க்காற்றை மறைக்கும்.

ஃபேனைச் சுற்றி ஒரு தகடு உறை அவசியம். உறையில்லாத வட்ட ஃபேன் தன் எதிரேயுள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். சதுர ரேடியேட்டரின் மூலைகள் சும்மா கிடக்கும். பெல்ட் ஃபேனுக்கும் இது பொருந்தும். பல அம்பாசடர்களின் சிக்னல் சூடு ஓர் உறை போட்டதிலேயே தணிந்துவிடும்.

வாங்குமுன் டைனமோவைப் பாருங்கள். அக்காலத்து லூகாஸ் சி40 வகை டைனமோ தருவது அதிகபட்சம் சுமார் 22 ஆம்பியர். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு நல்ல ஃபேன் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். இரவில் ஹெட்லைட்டும் எரிந்தால் சிக்னலில் பேட்டரி காலியாகும். ஆகவே முதலில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பிறகு மின்சார ஃபேன். கூடவே ரிலே, ஃபியூஸ், வெப்பநிலை பார்த்து இயக்கும் சுவிட்ச். பாசிட்டிவ் எர்த் உள்ள பழைய காரானால் ஃபேன் ஒயர்களைக் கவனித்து இணையுங்கள். மாறிப்போனால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றி, சூட்டைக் கூட்டும்.

மூடி சின்னது, வேலை பெரிது

வீட்டுக் குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் 121 டிகிரியில்தான் கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடியும் அதே வித்தையைத்தான் செய்கிறது. ஆனால் பழைய கார்கள் பலவற்றின் மூடி 4 அல்லது 7 பவுண்டுக்கானது. ஏழு பவுண்டில் கொதிநிலை சுமார் 111 டிகிரி. அதற்குப் பதில் புதிய காரின் 15 பவுண்டு மூடியை மாட்டினால், அறுபது வருட ஈயப் பற்று விட்டுக்கொடுக்கும். பழைய மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தாலோ எந்த ரேடியேட்டரும் காப்பாற்றாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் நம் பட்டறைகளின் பழக்கம். இன்ஜின் சூடேறத் தாமதமாகும், பெட்ரோல் செலவு கூடும், சிலிண்டர் தேயும். போர் தண்ணீர் ஊற்றுவது அதைவிடக் கெடுதல். அதன் உப்புதான் குழாய்களை அடைக்கிறது. சுத்திகரித்த நீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும் விஷம். குழந்தைகளும் நாய்களும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

எனவே வரிசை இதுதான்: முதலில் மூடி, பெல்ட், ஹோஸ், தெர்மோஸ்டாட், இக்னிஷன் டைமிங். பிறகு பழைய ரேடியேட்டரையும் இன்ஜின் பிளாக்கையும் கழுவி எடுப்பது. அதற்குப் பிறகு ஃபேன் உறை. இத்தனைக்கும் அடங்காத காருக்குத்தான் புது ரேடியேட்டரும் மின்சார ஃபேனும். எதைச் செய்தாலும், சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். அரை மணி நேரம் காத்திருங்கள்.